பழைய பிக்அப் ஏன் இழுக்கத் திணறுகிறது?

டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடேறும்போது பழைய டர்போ டீசல் பிக்அப் திணறுகிறது. இன்ஜினிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தமும் வருகிறது. ஏன்?

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. டர்போவைச் சுழற்றுவது புகைவாயு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் பழுதானால், வாயு டர்போவை எட்டும் முன்பே கசிந்துவிடும். அப்போது சத்தத்துக்கும் பலக்குறைவுக்கும் காரணம் ஒரே கசிவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சூடேறச் சூடேற உலோகம் விரிந்து இடுக்கை அடைக்கும். சத்தம் அப்படிக் குறைந்தால் மேனிஃபோல்டைச் சந்தேகிக்கலாம். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்று சீறினால் டர்போ ஹோஸில் விரிசல் இருக்கலாம். கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

அடிப்பகுதியில் கனத்த 'டக் டக்' கேட்டால் உடனே இன்ஜினை அணையுங்கள். பேரிங் தேய்ந்திருக்கலாம், தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டும் கெட்டுவிடும்.