யாளி: கற்பனையும் உயிரினமும்

தமிழகக் கோயில்களின் விஜயநகரக் காலத்து ஆயிரங்கால் மண்டபத் தூண்களில் நிற்கும் யாளி, இன்றைய வீடியோ கேம் அரக்கர்களுக்கு மூதாதை. இப்படியொரு விலங்கு வாழ்ந்து அழிந்தது என்று நம்புவோர் உண்டு. தமிழகச் சிற்பங்களே அதை மறுக்கின்றன: ஒரு கோயிலில் சிங்க முகம், வேறிடத்தில் யானை முகம், இன்னோரிடத்தில் குதிரை முகம். ஒரே இனம் இப்படி முகம் மாறாது, எலும்பும் கிடைத்ததில்லை. ஆனாலும் அது வெறுங்கற்பனை அல்ல. துதிக்கை, தந்தம், பிடரி, நகம் எல்லாமே சிற்பிகள் உயிருள்ள விலங்குகளைக் கூர்ந்து பார்த்துச் செதுக்கியவை.

உறுப்புகளை இப்படிக் கலப்பது மனிதன்தான், இயற்கை கலக்காது என்பார்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் வாழும் அழுங்கு என்ற எறும்புத்தின்னி அதற்குப் பதில். குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. உடலிலோ ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகச் செதில்கள். நம் நகத்திலுள்ள அதே கெரட்டின்தான் அவை. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. புற்றுக்குள் நீளும் பசைநாக்குதான் கருவி. ஆபத்தென்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இயற்கையின் இத்தகைய கலவை அறிஞரையும் திகைக்கவைக்கும்: 1799-இல் ஆஸ்திரேலியப் பிளாட்டிபஸை விவரித்த இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கே, வாத்தலகை யாரோ ஒட்டிவிட்டார்களோ என்ற ஐயம் எழுந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் பட்டியலில் வைத்துக் காத்தும், செதிலுக்காக அழுங்கு இன்றும் கொல்லப்படுவது பெருங்கொடுமை.