துணிக்கடையில் பந்திக்குப் பிந்தலாம்: தள்ளுபடி எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். முதல் பந்தியில் அப்பளம் நொறுங்காமல் வரும், பாயசத்தில் முந்திரி மிதக்கும். கடைசிப் பந்தியில் வடை தீர்ந்திருக்கும், கூட்டு அடிப்பிடித்திருக்கும். ஆனால் சோறு அதே சோறுதான், சாம்பாரும் அதே அண்டாவில் கொதித்ததுதான்.

துணி விற்பனையும் பந்தி பந்தியாகவே நடக்கிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு விலை இல்லை. துணியில் பந்திக்கொரு விலை உண்டு. எந்தப் பந்தியில் எதற்காக விலை இறங்குகிறது என்று தெரிந்தவருக்கு, குறைந்த சம்பளத்திலும் நன்றாக உடுத்த முடியும். இதைக் கற்றுக்கொள்ள ஜொகூர் நல்ல இடம். புதுச் சரக்கு விற்கும் பேரங்காடி, வெளியூரில் தள்ளுபடி அங்காடி, பழைய துணி விற்கும் ‘பண்டல்’ கடை, லிட்டில் இந்தியாவின் புடவைக் கடை என எல்லாப் பந்தியும் இங்கே காரில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

முதல் பந்தி: சுடச்சுட

ஜொகூர் பாருவின் சிட்டி ஸ்குவேரிலோ, 2019-இல் திறந்த மிட்வெலி சவுத்கீயிலோ புதிதாக வந்து தொங்கும் சட்டை முதல் பந்திச் சாப்பாடு. அதன் விலைக்குள் துணியும் தையலும் மட்டும் இல்லை. கடை வாடகை, விளக்கு, குளிரூட்டி, ஆள் சம்பளம், விளம்பரம் எல்லாம் அதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. நூறு பேருக்கு உலை வைக்கிறவர் பத்துப் பேர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அரிசி அளப்பார். துணிக்கடையும் அப்படித்தான். விற்காமல் தேங்கப்போகிற சட்டையின் நட்டத்தை முதலில் வாங்குகிறவரின் விலையிலேயே ஏற்றிவிடுகிறது.

சில வாரங்களில் நடுத்தர அளவுகள் விற்றுத் தீரும். மிகச் சிறியதும் மிகப் பெரியதும், எடுப்பான நிறங்களும் மிஞ்சும். அடுத்த சரக்குக்கு இடம் வேண்டும் என்பதால் கடை விலையை இறக்கும். ‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழியை இங்கே திருப்பிப் போடலாம். ஒல்லியான உடம்போ பெருத்த உடம்போ உள்ளவர்கள் தாராளமாகப் பிந்தலாம். அவர்கள் அளவு கடைசிவரை கிடக்கும். நடுத்தர அளவுக்காரர்கள் முதல் தள்ளுபடியிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. 50 விழுக்காடு வரட்டும் என்று காத்திருந்தால் அளவு போய்விடும்.

கூலாயில் இரண்டு அண்டா

ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் 2011 டிசம்பரில் கூலாய் இந்தாபுராவில் திறந்தது. கெந்திங் பிளாண்டேஷன்ஸ் என்ற செம்பனைத் தோட்ட நிறுவனமும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் சேர்ந்து கட்டியது. தென்கிழக்காசியாவில் அந்த வரிசையில் முதல் அங்காடி. அது நகருக்குள் இல்லாததற்குக் காரணம் உண்டு. நகருக்கு வெளியே நிலம் மலிவு. அதோடு, முழு விலைக்கு விற்கும் கடைக்குப் பக்கத்திலேயே பாதி விலைக்கும் விற்றால் முதல் பந்தியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அங்கே 25 முதல் 65 விழுக்காடு வரை மிச்சம் என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது எந்த அண்டா?

தள்ளுபடி அங்காடிகளுக்கு வரும் சரக்கு உலகெங்கும் இரண்டு வகை. ஒன்று, முதல் பந்தியில் மிஞ்சியது: போன பருவத்துச் சட்டை, அளவு உடைந்த காலணி. இன்னொன்று, தள்ளுபடிக் கடைக்கென்றே தனி அடுப்பில் சமைத்தது. பெயர் அதேதான், துணி மெல்லியது, உள்துணி இருக்காது, பொத்தான் சாதாரணம். இந்த இரண்டாம் வகைச் சட்டை முழு விலைக் கடையில் ஒரு நாளும் தொங்கியதில்லை என்றால், சீட்டில் அடித்துக் காட்டும் ‘பழைய விலை’க்கு என்ன பொருள்? 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் இதே கேள்வியை எழுப்பி, அந்நாட்டு வாணிப ஆணையத்தை விசாரிக்கச் சொன்னார்கள்.

தனி அடுப்புச் சரக்கு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் தரத்துக்கு ஏற்ற விலை கொடுத்தால் போதும். கண்டுபிடிக்கும் வழியும் எளிது. ஒரே சட்டை எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் அடுக்கடுக்காக இருந்தால், அது மிஞ்சியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கடைசிப் பந்தியில் வடை மலைபோல் குவிந்திருந்தால் அது புதிதாகச் சுட்ட வடைதானே. அடித்த விலையை மறந்துவிட்டு, அந்தத் துணிக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

போகும் நாளும் முக்கியம். 2014 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. இப்போது சிங்கப்பூர்க் கூட்டமும் நம் கூட்டமும் ஒரே நாளில் சேர்கின்றன. வேலை நாள் மாலையில் போனால் நிதானமாகப் போட்டுப் பார்த்து வாங்கலாம்.

பழைய சோறு: பண்டல்

மறுநாள் காலைப் பழைய சோற்றில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் வரும் ருசி சுடுசோற்றுக்கு வராது. பண்டல் துணியும் அந்த வகை. ஜப்பான் போன்ற நாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் அழுத்திக் கட்டிய பொதிகளாக மலேசியாவுக்கு வருகின்றன. அந்தப் பொதிதான் ‘பண்டல்’. வியாபாரி பொதியை எடைக்கு வாங்குவார். பிரித்து, நல்லது தனியாக, கிழிந்தது தனியாக, பெயர்பெற்ற நிறுவனத் துணி தனியாகப் பொறுக்குவார். பத்து வெள்ளிச் சட்டையும் நூறு வெள்ளிச் சட்டையும் ஒரே பொதியிலிருந்து வந்திருக்கலாம். விலையில் உள்ள வித்தியாசம் அந்தப் பொறுக்குகிற வேலைக்கான கூலி. நேரமும் பொறுமையும் இருந்தால் அந்தக் கூலியை நீங்களே மிச்சம் பிடிக்கலாம்.

அரிசியில் கல் பொறுக்குவது போலப் பாருங்கள். அக்குள், கழுத்துப் பட்டி, கைமுனை, கால்சட்டையின் தொடை இடுக்கு: துணி முதலில் நைவது இங்கேதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பூச்சி அரித்த துளை தெரியும். சீட்டில் உள்ள அளவை நம்பாமல், உங்களுக்குப் பொருந்தும் சட்டையின் தோள் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போடுவது.

பழைய விளையாட்டுக் காலணியில் மட்டும் கவனம் தேவை. நுரைபோன்ற அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும். நாலு நாள் நடந்தால் அடி பெயர்ந்து வரும். கடையிலேயே கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள்.

கெட்டுப்போகும் குழம்பு

கைப்பையிலும் இதே கதை. ‘பியு’ என்று சீட்டில் போட்டிருக்கும் பை, துணிமேல் பாலியூரித்தேன் பூசிச் செய்தது. நம் ஊர் ஈரத்தில் அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் உரியும். என் அக்காள் மகள் ஒரு கடையில் தள்ளுபடியில் வாங்கிய பையை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்று அலமாரியில் பத்திரப்படுத்தினாள். மூன்றாம் தீபாவளிக்கு எடுத்தபோது பாம்புச் சட்டைபோல் உரிந்து கையோடு வந்தது. தேங்காய்ப்பால் குழம்பை யாரும் தொடாமல் வைத்தாலும் அது புளிக்கத்தான் செய்யும். பியு பை வாங்கினால் தினமும் தூக்குங்கள். பல வருடம் வேண்டும் என்றால் கித்தான் பையோ உண்மைத் தோல் பையோ வாங்கிக் காற்றாட வையுங்கள்.

பார்சல் சாப்பாடு

கைப்பேசியில் வெளிநாட்டுத் துணி வாங்குவது பார்சல் சாப்பாடு. பிரித்த பிறகுதான் உப்பு தெரியும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அஞ்சல் செலவையும், அளவு சேராவிட்டால் திருப்பி அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்தபின் விலையை ஒப்பிடுங்கள்.

ஒரு சோறு பதம்

எந்தப் பந்தியிலும் தரம் பார்க்கும் முறை ஒன்றுதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, சட்டைக்கு உள்தையல். உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக, நேராக ஓடியிருக்கிறதா? ஓரத்தில் பிரித்துத் தைக்கத் துணி விட்டிருக்கிறார்களா? கட்டமோ கோடோ போட்ட துணி என்றால் தையலில் கோடு சேர்கிறதா? உள்ளே கவனம் செலுத்தியவர் வெளியேயும் ஏமாற்றியிருக்க மாட்டார். பிறகு துணியை முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஜொகூர் வெக்கைக்குப் பருத்தியும் லினனும் சுகம். முழுப் பாலியஸ்டர் வேர்வையை அவ்வளவாக உறிஞ்சாது.

அஞ்சறைப் பெட்டியும் தாளிப்பும்

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என ஐந்தாறு பொருளை வைத்து நம் அம்மாக்கள் ஆண்டு முழுதும் வகைவகையாகச் சமைக்கிறார்கள். அலமாரியும் அப்படி இருக்க வேண்டும். ஒன்றோடொன்று சேரும் நிறத்தில் இரண்டு கால்சட்டை, நாலு மேல்சட்டை இருந்தால் எட்டு விதமாக உடுத்தலாம். எதோடும் சேராத ஒரு சட்டை பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது தனியாகத்தான் கிடக்கும்.

மணம் கூட்டுவது தாளிப்பு. நல்ல இடுப்புவார், சுத்தமான காலணி, ஒரு துப்பட்டா, காதில் ஒரு தோடு: இவை பழைய உடையைப் புதிதாக்கும். ஜாலான் உங்கு புவானில், 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியா கடைகளில் இதற்குப் பஞ்சமில்லை. கவரிங் நகையை வாசனைத் திரவியம் பூசியபின் அணிந்து, கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் முலாம் நெடுநாள் நிற்கும். இருக்கிற புடவைக்குப் புது ரவிக்கை தைத்தாலே பாதிப் புதுப் புடவை. தீபாவளி நெருக்கத்தில் தையல்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இரண்டு மாதம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் கணக்கு

300 வெள்ளிக் காலணியை 150 முறை போட்டால் ஒரு முறைக்கு 2 வெள்ளி. 60 வெள்ளிச் சட்டையை நாலு முறை போட்டு ஒதுக்கினால் ஒரு முறைக்கு 15 வெள்ளி. எது மலிவு என்று சீட்டு சொல்லாது, அலமாரிதான் சொல்லும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் ஒரு 340 வெள்ளிப் பை ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு வாரத்து உழைப்பு. தவணையில் வாங்கினாலும் அந்த ஒரு வாரம் குறையாது.

வாங்கிய பொருளில் குறை இருந்து கடை கைவிரித்தால் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அதற்கு ரசீது வேண்டும். தூக்கி எறியாமல் வையுங்கள்.

மளிகைக்குப் போகுமுன் அம்மா டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். இந்த வாரம் கடைக்குக் கிளம்புமுன் நீங்கள் அலமாரியைத் திறந்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இல்லாத எதுவும், எந்தப் பந்தியில் எவ்வளவு இறங்கி வந்தாலும், உங்களுக்கு மலிவு இல்லை.