பந்திக்கு முந்தும் போன்

2007 ஜூன் மாதம் முதல் ஐபோன் கடைக்கு வந்தபோது அதில் 3ஜி கிடையாது. அமெரிக்கப் பெருநகரங்களில் 3ஜி அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானில் 2001லேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, இணையத்தைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று மார்தட்டிய ஆப்பிள், 2ஜியைக் கொஞ்சம் முடுக்கிவிட்ட 'எட்ஜ்' நுட்பத்தோடு நின்றுகொண்டது. காரணம் கேட்டவர்களிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் பேட்டரியைக் காட்டினார்: 3ஜி சில்லுகள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்றார். சாக்குப்போக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 3ஜியின் விவரப் பட்டியலைப் பார்த்தால், 2ஜியில் பேச 10 மணி நேரம், 3ஜியில் பேச 5 மணி நேரம் என்று ஆப்பிளே அச்சிட்டிருந்தது. சரிபாதி!

அதே நாடகம் பிறகும் நடந்தது. மற்ற நிறுவனங்கள் 4ஜி போன் விற்கத் தொடங்கி நாளான பிறகு 2012இல் ஐபோன் 5 வந்தது. சாம்சங் 2019இலேயே 5ஜி போனை இறக்கியது. ஆப்பிள் 2020 அக்டோபர்வரை அசையவில்லை. ஒவ்வொரு முறையும் பிந்தி வந்ததால் அந்த நிறுவனம் நொடித்துப்போய்விடவில்லை என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இன்று நம்மூர் மொபைல் கடையில், கேமராவுக்கும் முன்னால் கேட்கப்படுகிற கேள்வி, "இதுல 5ஜி இருக்காண்ணே?" என்பதுதான். இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன குறையும்?

போனில் நாம் செய்கிற வேலைகளுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். 4ஜி வழியாகப் பேசும் தெளிவான குரல் அழைப்புக்கு விநாடிக்கு ஏறக்குறைய 24 கிலோபிட் போதும். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) இருந்தால் சரி என்கிறது நெட்பிளிக்ஸ். 4கே படத்துக்கு 15. உள்ளங்கை அகலத் திரையில் 4கே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண் யாருக்கு இருக்கிறதோ தெரியவில்லை. யுபிஐயில் பணம் அனுப்புவது சில கிலோபைட் சமாச்சாரம். பெட்டிக்கடையில் "ரூபாய் இருபது பெறப்பட்டது" என்று கத்துகிற சவுண்ட் பாக்ஸுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. 2ஜி சிக்னலே அதற்குத் தாராளம். பணம் போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், குற்றவாளி வங்கியின் சர்வராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே 5ஜி வந்து ஒன்றும் செய்துவிட முடியாது.

கணக்குப்படி பார்த்தால் ஒழுங்கான 4ஜியே மிச்சம். ஆனாலும் நெட் மெதுவாக இருப்பதாக நாம் அலுத்துக்கொள்கிறோமே?

2010இல் கூகுளில் இருந்த மைக் பெல்ஷி என்ற பொறியாளர் ஒரு சோதனை செய்தார். இணைய இணைப்பின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் வலைப்பக்கங்கள் எவ்வளவு விரைவாகத் திறக்கின்றன என்று அளந்தார். 1 எம்பிபிஎஸ் என்பதை 2 ஆக்கியபோது நல்ல பலன். ஆனால் 5 என்பதை 10 ஆக்கியபோது பக்கம் திறக்கும் நேரம் ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைந்தது. வேகம் இரட்டிப்பு, பலன் இருபதில் ஒரு பங்கு. பிறகு வேகத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு சேதி போய்த் திரும்புகிற நேரத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார். குறைக்கக் குறைக்க, பக்கம் திறக்கும் நேரமும் கூடவே சீராக இறங்கிக்கொண்டே போனது.

காரணம் வலைப்பக்கம் திறக்கிற விதத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு முகவரியைத் தொட்டதும் போன் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று ஒரு சர்வரிடம் கேட்டுவர வேண்டும். பிறகு உரிய சர்வரிடம் "பேசலாமா?" என்று கேட்டு, "பேசலாம்" என்ற பதில் வாங்க வேண்டும். பிறகு, இடையில் யாரும் ஒட்டுக்கேட்காமலிருக்கப் பூட்டுச் சாவி ஒப்பந்தம். அதற்கப்புறம்தான் "பக்கத்தைக் கொடு" என்ற கோரிக்கை. பக்கம் வந்த பிறகு அதில் குறிப்பிட்டிருக்கும் படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மறுபடி போக வேண்டும். அனுப்புவது துளியளவு சேதிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து கடலடியில் போகிற கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 32 மில்லி விநாடி. இதைக் குறைக்க எந்தத் தலைமுறை போனாலும் முடியாது.

ஒளியின் கையில் இல்லாத தாமதம் போனுக்கும் டவருக்கும் இடையில் இருக்கிறது. 4ஜியில் போன் ஒரு சேதியை அனுப்ப நினைத்தால் உடனே அனுப்பிவிட முடியாது. "அனுப்ப வேண்டியிருக்கிறது" என்று டவரிடம் விண்ணப்பித்து, இடம் ஒதுக்கிய பதில் வந்த பிறகே வாயைத் திறக்கலாம். 5ஜி இந்தப் பேரத்தின் நேர அளவைச் சுருக்கியிருக்கிறது. விளம்பரங்களில் வந்த "ஒரு மில்லி விநாடி" என்ற புகழ்பெற்ற எண்ணுக்கும் இங்கேதான் பிறப்பிடம். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த இலக்கு அது. தொழிற்சாலை எந்திரங்கள் போன்ற சிறப்புப் பயன்பாட்டுக்கு, அதுவும் காற்றில் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். நம் கைபேசிக்கு வகுத்த இலக்கு 4 மில்லி விநாடி. அதற்கப்பால் இருக்கிற கேபிளும் சர்வரும் அவற்றின் நேரத்தை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

இத்தனையும் ஆள் குறைவாக இருக்கும்போது. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்ப முயன்றவர்களுக்கு வேறு ஒரு பிரச்சினை தெரியும். சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும். போட்டோ போகாது. அந்தக் கோடுகள் காட்டுவது டவரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும். அந்த டவரிடம் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

அந்த வரிசையைச் சற்று நெருங்கிப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் வியப்புதான். 4ஜி டவரின் ஒரு பக்கத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த நூறு கட்டங்களில் எது யாருக்கு என்று ஷெட்யூலர் என்ற நிரல் முடிவெடுக்கிறது. மில்லி விநாடிக்கு ஒருமுறை. அதாவது நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் நூறு தடவைக்கு மேல். வெறுமனே முறைவைத்துக் கொடுப்பதும் இல்லை. ஒவ்வொரு போனும் தனக்குச் சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கிடைக்கிறது என்று 0 முதல் 15 வரை தனக்குத்தானே மார்க் போட்டு டவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நல்ல மார்க் வாங்கிய போனுக்கு ஒரு துடிப்பில் 8 பிட் ஏற்றி அனுப்பலாம். சுவருக்குப் பின்னாலோ டவரின் எல்லையிலோ தவிக்கிற போனுக்கு 2 பிட்தான் ஏற்றலாம். அதிலும் பிழை திருத்தத்துக்காகப் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே அதே போட்டோவுக்கு எல்லையில் இருக்கிற போன் நான்கு மடங்குக்கும் மேலான கட்டங்களைத் தின்கிறது.

கல்யாணப் பந்தி மாதிரிதான். இலை எத்தனை என்பது முன்பே முடிவாகிவிட்டது. மளமளவென்று சாப்பிட்டு எழுந்திருப்பவரால் அவருக்கு ஆகிற லாபத்தைவிட, வாசலில் நிற்கிறவர்களுக்கு ஆகிற லாபம் பெரிது. மெதுவாக மெல்லுகிறவர் நல்லவர்தான், பாவம், ஆனால் அவர் இலை மட்டும் காலியாகவே மாட்டேன் என்கிறது.

வேகமான வலையமைப்பின் உண்மையான பயன் இங்கேதான் என்பது என் எண்ணம். 300 எம்பிபிஎஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் உங்கள் வேலையை ஒரு நொடியில் முடித்துக்கொண்டு காற்றைக் காலி செய்கிற போன், அந்த டவரின் கீழ் இருக்கிற மற்ற எல்லோருக்கும் தேவை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் 5ஜி போன் வாங்கி 5ஜி அலைக்கற்றைக்கு இடம் பெயர்ந்தால், உங்கள் பழைய 4ஜி போன் பைசாச் செலவில்லாமல் வேகம் பிடிக்கும்.

இலைகளைக் கூட்டுவது எப்படி என்பதற்கு 1948இலேயே கணிதவியலாளர் கிளாட் ஷானன் விடை எழுதி வைத்துவிட்டார். ஓர் அலைவழியில் எவ்வளவு தகவல் போகும் என்பதற்கு அவர் தந்த சூத்திரத்தின் சாரம் இது: அலைக்கற்றையின் அகலத்தை இரட்டித்தால், தெளிவு அப்படியே இருக்கும்வரை, கொள்ளளவும் இரட்டிக்கும். சிக்னலின் வலுவை இரட்டித்தாலோ ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு ஒரு பிட்கூட முழுதாகக் கூடாது. ஆக, கத்திப் பேசிப் பயனில்லை, இடம் வேண்டும். 2022இல் இந்தியாவில் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் கைமாறியதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒற்றைச் சூத்திரம்தான். ஜியோவும் ஏர்டெல்லும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நாடு முழுக்கக் குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கின. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி 5ஜி தொடங்கியது. 100 மெகாஹெர்ட்ஸில் 273 கட்டங்கள். ஒவ்வொன்றும் பழைய கட்டத்தைப்போல இரண்டு மடங்கு அகலம். பங்கீடு அரை மில்லி விநாடிக்கு ஒருமுறை.

இதில் இரண்டு இடங்களில் இடறல் இருக்கிறது. டவர் பத்துக்கணக்கான வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் பேசுவது பொதுவாக 0.2 வாட்டில். எனவே வீடியோ பார்ப்பதில் தெரிகிற பாய்ச்சல், வீடியோ அனுப்புவதில் அவ்வளவாகத் தெரியாது. போதாததற்கு இந்தப் பகுதியில் ஒரே அலைவரிசையைத்தான் டவரும் போனும் நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. அதில் பெரும்பங்கு டவருக்கே போகிறது. இரண்டாவது, சுவர். அதே பகுதியில் இருக்கிற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. கான்கிரீட்டுக்குள் நுழைய அது திணறும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை 43 சென்டிமீட்டர். சுவர்களைச் சமாளித்து உள்ளறைவரை வரும், ஆனால் அங்கே கிடைக்கிற அகலம் குறைவு. தெருவில் பறக்கிற 5ஜி படுக்கையறையில் படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஜாப்ஸ் சொன்ன பேட்டரிக் கதை இன்றும் முடியவில்லை, கொஞ்சம் மாறியிருக்கிறது. வேகமான ரேடியோ ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்கலாம்; அந்த வகையில் அது சிக்கனம். ஆனால் அது உடனே தூங்குவதில்லை. அடுத்த சேதி வந்துவிடுமோ என்று 4ஜியில் பத்து விநாடிபோல விழித்தே இருக்கும். வாட்ஸாப் குழுவில் நிமிடத்துக்கு ஐந்து 'காலை வணக்கம்' வந்தால் அதற்கு ஏது தூக்கம்? 5ஜியைத் தொடங்கியபோது ஏர்டெல் எடுத்துக்கொண்ட முறையில், போன் 4ஜியைப் பிடித்துக்கொண்டுதான் 5ஜியைத் தொட முடியும். இரண்டு ரேடியோக்களும் சேர்ந்து விழித்திருக்க வேண்டும். ஜியோ தொடக்கத்திலேயே 4ஜியைச் சாராத தனி 5ஜியை அமைத்தது. திரையில் இரண்டுக்கும் ஒரே '5ஜி' எழுத்துதான் தெரியும். அந்த எழுத்து தெரிந்தாலும் டவருக்குப் பின்னால் நல்ல கேபிள் இல்லையென்றால் வேகம் வராது என்பது வேறு கதை.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் 4ஜியே போதும் என்று நிறுத்திவிடலாம்போலத் தோன்றும். வேகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கேள்வி அங்கே குறுக்கே வருகிறது: பழைய வலையமைப்பு எத்தனை நாள் இருக்கும்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வசதி இல்லாத 4ஜி போன் வைத்திருந்தவர்கள், நெட் பறந்தாலும் சாதாரணமாக ஒரு கால் பேச முடியாமல் தனிச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியை மூட முனைந்தபோது இன்னும் விசித்திரமான ஒன்று வெளிப்பட்டது. சில 4ஜி போன்கள் சாதாரண அழைப்புகளை 4ஜியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸையும் போலீஸையும் அழைக்கிற 000 என்ற எண்ணுக்கு மட்டும், வடிவமைத்தவர்களின் முடிவுப்படி, 3ஜிக்கு இறங்கின. அன்றாடம் ஒரு குறையும் தெரியாத போன், உயிர் போகிற நேரத்தில் மட்டும் ஊமையாகிவிடும். அத்தகைய போன்களை அந்நாட்டு நிறுவனங்கள் வலையமைப்பிலிருந்தே விலக்கிவைக்க வேண்டியிருந்தது.

நம்மூரில் 3ஜி ஏறத்தாழப் போய்விட்டது. பட்டன் போன்களின் புண்ணியத்தில் 2ஜி இன்னும் இருக்கிறது. 4ஜிக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆகவே, கையில் இருக்கிற 4ஜி போன் ஒழுங்காக வேலை செய்தால் 5ஜிக்காக மட்டும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். புதிதாக வாங்கி நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் 5ஜி போனாகவே வாங்கிக்கொள்ளலாம். அப்போது பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிற 5ஜியோடு நின்றுவிடாமல், விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கிற அலைவரிசை எண்களைத் தேடுங்கள். என்78 என்றால் 3.3 கிகாஹெர்ட்ஸ் பகுதி. என்28 என்றால் சுவர் தாண்டுகிற 700 மெகாஹெர்ட்ஸ்; தனியார் நிறுவனங்களில் 2022 ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டும். ஜியோ சிம்மும் நாலு சுவருக்குள் வேலையும் உள்ளவருக்கு என்28 இல்லாத 5ஜி போன், பெரும்பாலான நேரம் 4ஜி போனாகத்தான் இருக்கும்.