பூட்டிய அறை – 9: மும்முறை வலம் வந்தவள்

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை நீலத்தாடிப் பிரபுவின் தேவதைக் கதையோடு பொருத்திப் பார்த்து வருகிறோம். பூட்டிய அறையையும் பிணங்களின்மேல் பூத்த ரோஜாச் செடிகளையும் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. இவ்வாரம் அப்படத்துக்கு இளையராஜா அமைத்த பின்னணி இசையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கு முன்னே தீர்த்துவைக்கவேண்டிய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது: அறைக்குள்ளே இருப்பதைக் கண்டுவிட்ட பெண், கண்டபின் என்ன செய்கிறாள்?

சார்ல்ஸ் பெரோ 1697 இல் பாரிஸில் வெளியிட்ட கதையிலே, கைநழுவி விழுந்த சாவியில் ஒட்டிய இரத்தம் மணலிட்டுத் தேய்த்தும் நீங்காமல் அவளைக் கணவனிடம் காட்டிக்கொடுக்கிறது. கழுத்துக்குக் கத்தி வந்த வேளையிலே அவள் பிரார்த்தனைக்கென்று சிறிது அவகாசம் கேட்டுக்கொண்டு, சகோதரி ஆனைக் கோபுரத்தின் உச்சியில் வழிபார்க்க நிறுத்துகிறாள். குதிரையேறி வந்த அண்ணன்மார் இருவர் அக்கொடியவனை வெட்டி வீழ்த்துகின்றனர். இதே வகையில் 1978 ஒக்டோபர் 25 இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் வெளியாகி, 'ஸ்லாஷர்' என்று மேல்நாட்டார் வகைப்படுத்தும் கொலைப்படங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகிவிட்ட 'ஹலோவீன்' படத்திலும், அந்தப் பெண் பின்னலூசியால் கொலைகாரனைக் குத்தி வீரமாகவே போராடினாலும், கடைசித் துப்பாக்கிக் குண்டுகள் ஒரு வைத்தியருடையவை. சரியாக மூன்றாம் நாள், ஒக்டோபர் 28 இல், நம்முடைய 'சிகப்பு ரோஜாக்கள்' திரைக்கு வந்தது. ஸ்ரீதேவி நடித்த சாரதா கணவனுடைய இரகசியத்தைக் கண்டுகொள்கிறாள், ஓடுகிறாள், கமல்ஹாசனின் திலீப் துரத்துகிறான், கல்லறைகளுக்கிடையே அந்த ஓட்டம் முடிகிறது.

எண்பதுகளின் தொடக்கத்திலே, பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு வீட்டு முற்றத்திலே, வாடகைக்கு எடுத்த ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்க, பாயிலிருந்து இப்படத்தைப் பார்த்த என் பெரியம்மா, ஸ்ரீதேவி ஓடத் தொடங்கியதும் பொறுக்கமாட்டாமல் என் பக்கம் திரும்பி, "ஏன் மோனை இவள் ஓடுறாள்? மந்திரி குமாரியில செய்தவள் மாதிரி, சுத்திக் கும்பிட்டுப்போட்டுத் தள்ளிவிடுறதுக்கென்ன?" என்று கேட்டார். திரைப்பட விமர்சனம் என்ற பெயரால் நான் பிற்காலத்தில் வாசித்த எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு கேள்வி கூர்மையானது என்றே இன்றும் நம்புகிறேன். அதன் வேரைத் தேடிப் போனதிலேதான் இவ்வாரம் முழுவதும் கழிந்தது.

பெரியம்மா குறிப்பிட்ட படம் 1950 இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. கதை வசனம் மு. கருணாநிதி. கொள்ளைக்காரனான கணவன் பார்த்திபன், மனைவி அமுதவல்லியைக் கொல்லும் நோக்கத்தோடு, இனிய பாட்டொன்றைப் பாடியபடியே மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாட்டின் சுகத்திலே லயித்திருப்பவருக்கு அதன் முடிவிலே காத்திருப்பது கொலை என்பது உறைக்கச் சற்று நேரமாகும். உச்சியில் அவன் எண்ணம் வெளிப்பட்டதும், சாவதற்குமுன் மும்முறை வலம்வந்து வணங்க அனுமதி கேட்கும் அவள், மூன்றாஞ் சுற்றின் முடிவிலே பின்னால் நின்று அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழில் அவருடைய கடைசிப் படம் அது. இடையிலே அவர் விலக, டி. ஆர். சுந்தரம் பூர்த்தி செய்தார்.

கதையின் மூலம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி என்பது பலரும் அறிந்ததே. நாதகுத்தனார் பாடிய அந்தப் பௌத்த காவியத்தில் பத்தொன்பது பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. அதை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசி முழுமையாகத் தப்பிப் பிழைத்திருக்க, மறுக்கப்பட்ட நூல் அழிந்துபோனது தமிழுக்கு நேர்ந்த பெருந் துர்ப்பாக்கியம். ஆயினும் கதை அழியவில்லை. அது தம்மபதத்தின் பாலி உரையிலே விரிவாக நிற்கிறது. இராசகிருகத்துப் பெருவணிகன் ஒருவனின் மகள், ஏழடுக்கு மாளிகையின் மேல்மாடத்துச் சாளரத்தினூடே, கைகள் கட்டுண்டு கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனொருவனைக் கண்டு, அவனையன்றி உயிர்வாழேன் என்று உணவு நீக்கிக் கட்டிலிலே கிடக்கிறாள். தகப்பன் காவலனுக்கு ஆயிரம் பொன் கொடுத்து அவனை மீட்டு மணமுடித்து வைக்கிறான். சில நாளிலே அவளுடைய நகைகளில் ஆசைவைத்த கள்வன், மலைத் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் இருக்கிறதென்று சொல்லி, சர்வாபரண பூஷிதையாக அவளை அழைத்துச் செல்கிறான். உச்சியிலே வலம்வந்து, நாற்புறமும் நின்று வணங்கி, பின்னாலே வந்து, தோளையும் முதுகையும் பற்றி அவனை உருட்டிவிடுகிறாள் அவள். அம்மலையிலே வாழும் தெய்வம் அவளுடைய மதிநுட்பத்தைப் புகழ்ந்து வாழ்த்துகிறது. பெரோவோ தம் கதையின் முடிவிலே பெண்களின் ஆவலைக் கண்டித்து நீதி கூறினார். எவ்வளவு தூரம்!

என்னைப் பரவசப்படுத்திய செய்தி இனித்தான் வருகிறது. புத்தகோசர் பெயரால் வழங்கும் அவ்வுரையின் பாயிரம், தாமிரபரணித் தீவாகிய இலங்கையிலே இத்தீவின் பாஷையில் வழங்கிவந்த பழைய உரையே பாலிக்கு மாற்றப்படுகிறது என்று சொல்கிறது. அப்படியானால் சேலத்துப் படப்பிடிப்பிலே அமெரிக்கர் ஒருவர் இயக்கிய அந்தக் காட்சியை, பாலி உரை தோன்றுவதற்கும் முன்பாக, இந்தத் தீவின் பிக்குமார் இத்தீவின் மொழியிலே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று கருத இடமுண்டு! சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய சம்புகோளப் பட்டினம் என்று கொள்ளப்படும் மாதகல் சம்பில்துறைக்கு, எங்களூரிலிருந்து சைக்கிளிலே போய் வந்துவிடலாம். அத்துறை வழியாக எத்தனை கதைகள் வந்தும் போயும் இருக்கும் என்ற எண்ணம் இவ்வாரம் என்னை விட்டகலவில்லை.

அதன் பின்னான விருத்தாந்தமும் விசேஷமானது. துறவு பூண்டு சமணரிடம் சேர்ந்த அவளுடைய கூந்தலைப் பனஞ்சீப்பினாலே பறித்தெடுத்ததாகவும், மீண்டும் முளைத்த மயிர் சுருள் சுருளாய் வளர்ந்ததாலேயே அவளுக்குக் குண்டலகேசி என்று பெயர் வந்ததாகவும் தேரிகாதை உரை கூறுகிறது. பனைக்கும் இவளுக்கும் இப்படியொரு சம்பந்தம் இருப்பதை அறிந்து எங்கள் நாட்டார் மகிழலாம். பிற்பாடு ஊர்வாயில்தோறும் மணலைக் குவித்து, அதிலே நாவற் கிளையை நட்டு, எதிர்வாதம் புரிய வல்லவரை அழைத்துத் திரிந்தவளை, கிளையைச் சிறுவர் மிதிக்கச் செய்து சாரிபுத்தர் எதிர்கொண்டார். வாதிலே தோற்றுப் பிக்குணியானாள். கணவனைக் கொன்றவள் ஞானம் பெற்றவளாக வணங்கப்படுகிறாள். அக்கொலையைக் கதை மறைக்கவுமில்லை, அதற்காக அவளை வாழ்நாளெல்லாம் அழவைக்கவுமில்லை.

இங்கேதான் பாரதிராஜாவோடு எனக்கு மனத்தாங்கல். சிறையிலே சித்தம் கலங்கி, சாரதாவின் பெயரையன்றி வேறொன்றும் அறியாதவனாக இருக்கும் திலீப்பின்மேல் நம் இரக்கம் முழுவதையும் அவர் திருப்பிவிடுகிறார். திலீப்புக்கு ஒரு பால்யம் தரப்பட்டிருக்கிறது, அவன் கொலைகளுக்குக் காரணங்கள் தரப்பட்டிருக்கின்றன; சாரதாவுக்கோ கால்கள் மாத்திரமே தரப்பட்டிருக்கின்றன. ஸ்ரீதேவியின் கண்கள் அச்சத்திலே விரிவதைப் பார்க்கும்போது, அந்தப் பெண்ணுக்குள்ளே ஒரு குண்டலகேசி இருந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு ஒரு மலையுச்சியை அமைத்துக்கொடுக்கும் வல்லமை அவ்வியக்குநருக்குத் தாராளமாக இருந்தது. 1980 இல் ராஜேஷ் கன்னாவை வைத்து அதே கதையை இந்தியில் 'ரெட் ரோஸ்' என்று எடுத்தபோதும் அவர் அதைச் செய்யவில்லை.

பின்னணி இசை அடுத்த வாரம். ஆனால் கணவன் கையாலே மாண்டு, பேயாய் மீண்டு, திருவாலங்காட்டிலே பழிதீர்த்த பழையனூர் நீலியும் இந்த வழியிலேயே நிற்கிறாள்; வாக்குக்காக எழுபது வேளாளர் தீப்பாய்ந்த அந்தக் கதையைத் தொட்டபின் வயலினுக்கு வந்து சேர இன்னும் ஒரு வாரம் பிடித்தாலும் பிடிக்கும்.