தேய்ந்த கேமராவே தேர்ந்த கேமரா

பழைய கேமரா விற்பவரிடம் நிக்கான் எஃப் ஒன்றின் வயதைக் கேட்டால், உடலில் பொறித்திருக்கும் ஏழு இலக்க எண்ணைக் காட்டுவார். "64-ல ஆரம்பிக்குது பாருங்க சார், 1964 மாடல்" என்று அடித்துச் சொல்வார். உண்மையில் 1959-ல் ஜப்பானின் நிப்பான் கோகாக்கு நிறுவனம் இந்த கேமராவை அறிமுகப்படுத்தியபோதே எண் வரிசை 6400001-ல்தான் தொடங்கியது. 1971-ல் வந்த அடுத்த மாடலான எஃப்2-வின் வரிசை 7100001-ல் தொடங்கியதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. பிறந்த வருடத்தைத் துருவுவதில் பெரிய லாபம் இல்லை. அரை நூற்றாண்டாக அது உழைத்ததா, பெட்டிக்குள் உறங்கியதா என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபிலிம் கேமராக்களின் மீது இளைஞர்களுக்கு ஆசை திரும்பியிருக்கும் இந்தக் காலத்தில், அதிகம் தேடப்படுபவற்றுள் அன்றைய தொழில்முறை எஸ்எல்ஆர் கேமராக்களும் உண்டு. அவற்றுக்கு அளவுகோல் வகுத்தது நிக்கான் எஃப். ஃபிலிமுக்குப் போகவேண்டிய காட்சியை லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் நுட்பம் அதற்கு முன்பே உண்டு. ஜெர்மனியின் கீனே எக்ஸாக்டா 1936-லேயே வந்துவிட்டது. படம் எடுத்ததும் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் வசதியை ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் 1954-ல் கொண்டுவந்தது. சிதறிக்கிடந்த இந்த நுட்பங்களை ஒரே உடலுக்குள் திரட்டி, பத்திரிகைக்காரர்களின் அடிதடியைத் தாங்கும்படி செய்ததுதான் நிக்கானின் சாதனை. அதன் கூரிய முக்கோணத் தலையை வடிவமைத்தவர் யூசாக்கு காமேகுரா. 1964 டோக்கியோ ஒலிம்பிக் சுவரொட்டிகளை உருவாக்கிய அதே கலைஞர்.

ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பது ஒரு சிறு நாடகம். லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் நிற்கும் கண்ணாடி, காட்சியை மேலே இருக்கும் சொரசொரப்பான திரைக்கு அனுப்புகிறது. அங்கே இடம் வலமாக விழும் பிம்பத்தை, தலைப்பகுதியில் உள்ள ஐங்கோணப் பட்டகம் நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது. பொத்தானை அழுத்தியதும் லென்ஸின் துளை குறித்த அளவுக்குச் சுருங்குகிறது. கண்ணாடி மேலே எழுகிறது. ஷட்டர் திரைகள் ஓடுகின்றன. கண்ணாடி மறுபடி இறங்குகிறது. கண்ணாடி எழுந்திருக்கும் அந்தக் கணத்தில் பார்வைத்துளை இருண்டுவிடும். ஆக, படத்தில் பதிந்த கணத்தை மட்டும் படம் எடுத்தவர் பார்ப்பதே இல்லை!

ஷட்டரில் இரண்டு திரைகள். நிக்கான் எஃப்-ல் அவை மெல்லிய டைட்டானியத் தகட்டால் ஆனவை. முதல் திரை ஓடி ஃபிலிமைத் திறக்க, இரண்டாவது பின்னாலேயே துரத்தி வந்து மூடுகிறது. 1/1000 நொடி வேகத்தில் 36 மி.மீ. அகல ஃபிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடிக் கடக்கிறது. ஃபிளாஷ் போடும்போது 1/60-க்கு மேல் வேகம் வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே; வைத்தால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும்.

தொழில்முறை கேமரா என்றால் என்ன? விலை அதிகம், எடை அதிகம் என்பது பாதி பதில்தான். இந்த கேமராக்களில் பட்டகத் தலை கழன்று வரும், ஃபோகஸ் திரை கழன்று வரும், பின்மூடி கழன்று வரும். அதன் இடத்தில் மோட்டாரைப் பொருத்தினால் நொடிக்கு 3 படங்கள் எடுக்கலாம். எது பழுதானாலும் திறந்து சரிசெய்யலாம், மாற்றிப்போடலாம். கம்போடியப் போரில் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டான் மெக்கலினை நோக்கி வந்த தோட்டாவை வாங்கிக்கொண்டது அவருடைய நிக்கான் எஃப். 1971-ல் அப்பல்லோ 15-ல் சந்திரனுக்குப் பயணமானதும் சற்றே மாற்றியமைக்கப்பட்ட ஒரு நிக்கான் எஃப்தான்.

அதனால் வாங்கும்போது கீறல்களைக் கண்டு மிரள வேண்டாம். கறுப்புப் பெயின்ட் உரிந்து ஓரங்களில் பித்தளை தெரிகிறதா? பல நேரங்களில் அது நல்ல அறிகுறி. ஓடிக்கொண்டிருந்த கேமராவில் எண்ணெய் உறைவதில்லை. புதுக்கருக்கு மாறாமல் 40 ஆண்டு அலமாரியில் கிடந்த கேமராவில்தான் பசை இறுகி, பற்சக்கரங்கள் திணறும்.

இதைக் கண்டுபிடிக்கக் காது போதும். ஷட்டரை ஒரு நொடியில் வைத்துத் தட்ட வேண்டும். 'கிர்ர்' என்று ஒரே சீராக ஓடி முடிந்தால் நல்லது; நடுவில் இழுத்தாலோ நின்றாலோ சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்மூடியையும் நீக்கி, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து 1/1000-ல் தட்டிப் பார்க்கலாம். சட்டகம் முழுக்க ஒரே அளவு வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால், இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது என்று பொருள். கைப்பேசியின் ஸ்லோமோஷன் வீடியோவில் பதிவு செய்தால் குறைந்த வேகங்களை இன்னும் துல்லியமாக அளக்கலாம்.

கண்ணாடி மோதும் இடத்திலும் பின்மூடியின் பள்ளங்களிலும் பல கேமராக்களில் கறுப்பு ஃபோம் இருக்கும். பாலியூரித்தேனால் ஆன இது ஈரப்பதத்தில் சிதைந்து, தார் போல விரலில் ஒட்டும். இதற்காக பேரம் பேசலாம். வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

நம் ஊரில் உண்மையான எதிரி பூஞ்சை. சென்னை போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்றில், லென்ஸில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உண்டு அது வளரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய இழைகள் தெரியும். தெரிந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். வாங்கிய பிறகும் தோல் உறைக்குள் போட்டு வைக்கக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே பாதுகாப்பு.

அடுத்த கண்ணி பேட்டரி. எஃப்-ன் ஃபோட்டோமிக் எனப்படும் பட்டகத் தலைகளில் உள்ள லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. கடைசித் துளி வரை ஒரே மின்னழுத்தம் தருவது அதன் சிறப்பு. சுற்றுச்சூழல் காரணத்தால் அமெரிக்கா 1996-ல் அதற்குத் தடை விதித்தது. மற்ற நாடுகளும் கைவிட்டன. பதிலுக்கு 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். நாளாக ஆகத் தப்பும் மாறும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக-காற்று பேட்டரி ஓரளவு கைகொடுக்கும். எஃப்2-வின் மீட்டர்களும் 1980-ல் வந்த எஃப்3-யும் கடையில் கிடைக்கும் பட்டன் செல்லிலேயே ஓடும். ஆனால் எஃப்3-யின் ஷட்டரே மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. செல் தீர்ந்தால் அவசரத்துக்கு 1/60 வேகம் மட்டும்தான் மிஞ்சும்.

மீட்டரே இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. நல்ல வெயிலில் துளை அளவை 16-ல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும். 400 ஃபிலிமுக்கு 1/500. மேகம் மூடினால் துளை 8. நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. எனவே சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டி வைப்பதே வழக்கம்.

ஃபிலிம் போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஃபிலிமின் நுனியைச் சுருட்டும் உருளையில் செருகி, மூடியை மூடியபின் லீவரை இழுக்கும்போது இடப்பக்கம் உள்ள குமிழ் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. 36 படமும் எடுத்த பிறகு வெறும் ரோல்தான் மிஞ்சும்.

ஃபிலிமில் பதியும் ரகசியமும் வியப்பானதே. ஜெலட்டினில் பொதிந்த வெள்ளி உப்புப் படிகம் ஒன்றில் ஒளிபட்டு நான்கே வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் போதும். கழுவும்போது அந்தப் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிவிடும். இந்த வேதியியலை நம்பி ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இன்று இல்லை. இப்போது கிடைப்பவை கோடாக், இல்ஃபோர்ட் போன்ற வெளிநாட்டு ரோல்கள்தான். விமானப் பயணத்தில் இவற்றை சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அங்கே பாய்ச்சும் எக்ஸ்-ரே போலவே, கைப்பைச் சோதனையின் புதிய சிடி ஸ்கேனர்களும் ஃபிலிமை மங்கலாக்கும். கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

முதன்முதலாக வாங்குபவருக்குப் பொருத்தமானது எஃப்2. அதன் ஷட்டருக்கு பேட்டரியே தேவையில்லை. வேகம் 1/2000 வரை போகும். மீட்டர் இல்லாத வெறும் பட்டகத் தலைக்கு சேகரிப்பாளர்களிடம் கிராக்கி அதிகம். மீட்டர் செத்துப்போன ஃபோட்டோமிக் தலையோடு வரும் எஃப்2 மலிவாகக் கிடைக்கும். மீட்டர் தலையில்தான் இருக்கிறது என்பதால் உடலின் இயக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸும், சர்வீஸுக்குத் தனியாக எடுத்துவைத்த தொகையும் போதும். விற்பவர் சம்மதித்தால், ஒரு ரோல் போட்டுக் கழுவிப் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.