கணினி ஆளும் மாதிரி இரயில்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டு மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வண்டி நின்றது. தேனிக்கு 2022 மே திங்களிலும் போடிக்கு 2023 சூன் திங்களிலுமே அது திரும்பி வந்தது. வண்டி நின்றபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அது தேனிக்குத் திரும்பிய ஆண்டில் பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டது. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கோ இருப்புப்பாதை வந்ததே இல்லை.

ஆகவே நம் பள்ளத்தாக்கு மாணவர் பலர்க்கு இரயில் என்பது ஏட்டில் படித்த பொருளாகவே இருந்துவிட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாமல் எவ்வாறு விலகுகின்றன, கைகாட்டி எப்போது ஏன் சிவப்பாகிறது என்பனவற்றைக் கண்ணால் கண்டு கற்கும் வாய்ப்பு அவர்கட்குக் கிட்டவில்லை. அக்குறையை ஒரு மேசையின்மேல் ஓரளவு தீர்த்துக்கொள்ள வழியுண்டு. மாதிரி இரயிலை வீட்டுக் கணினியோடு இணைத்து இயக்கும் முறையே அது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று வினவும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். உலகெங்கும் பெரிதும் வழங்கும் மாதிரி இரயில் 87-இல் ஒரு பங்கு அளவுடையது. 1000 மில்லிமீட்டர் அகலமிருந்த நம் பழைய மீட்டர் பாதை, இவ்வளவில் பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் மதுரை–போடி இடைப்பட்ட ஏறத்தாழ 90 கிலோமீட்டரையும் சுருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்! எந்த வீட்டில் இடமுண்டு? எனவே ஆண்டிபட்டி போன்ற ஒரு நிலையத்தையும், அதன் இருபுறத்துப் பாதையையும் அமைத்தாலே போதும்.

பழைய மாதிரி இரயில்களில் தண்டவாளத்தில் பாயும் மின்னழுத்தமே வேகத்தை முடிவு செய்தது. அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும். மின்முனைகளை மாற்றினால் பின்னோக்கிச் செல்லும். இதில் ஒரு பெருங்குறை: ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை நிறுத்தினால் இரண்டும் ஒருசேரக் கிளம்பும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட வேண்டுமாயின் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு விசை வைக்க வேண்டும்.

இக்குறையை நீக்க வந்ததே டிஜிட்டல் முறை. இதில் தண்டவாளத்தில் முழு மின்சாரமும் எப்போதும் இருக்கும். அம்மின்சாரத்தின் முனைகள் மிக விரைவாக மாறி மாறி ஓடுவதே எழுத்தாகிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தார் வகுத்த முறையைத் தழுவி, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990களில் ஒரு பொதுத்தரத்தை வெளியிட்டது. அதன்படி முனை மாற்றத்தின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது 'ஒன்று'. 100 மைக்ரோநொடி நீடித்தால் 'சுழி'. இவ்விரண்டு எழுத்துகளாலேயே எல்லா ஆணைகளும் எழுதப்படுகின்றன. ஓர் ஆணையில் முதலில் முகவரி, அடுத்து வேகமும் திசையும், கடைசியில் பிழை சரிபார்க்கும் எண். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை இருக்கிறது. எல்லா எஞ்சின்களும் எல்லா ஆணைகளையும் கேட்கின்றன. தன் முகவரி உடையதற்கு மட்டுமே ஒவ்வொன்றும் பணிகிறது. அஞ்சல்காரர் தெருமுனையில் நின்று எல்லாக் கடிதங்களையும் உரக்கப் படிக்க, உரியவர் மட்டும் எழுந்து வருவது போன்றது இது. கடையிலிருந்து வரும் புது டிகோடரின் முகவரி பெரும்பாலும் 3 என்றே இருக்கும். இரண்டு எஞ்சின் வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது அவற்றுள் ஒன்றன் எண்ணை மாற்றுவதே.

இனிக் கணினிக்கு வருவோம். ஆணைகளை உருவாக்கித் தண்டவாளத்துக்கு அனுப்புவது கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்கும் கணினிக்கும் நடுவே ஓர் இணைப்புப் பெட்டி வேண்டும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1980களிலேயே 6050 என்னும் எண்ணுடைய இணைப்புப் பெட்டியை விற்றது. அந்நிறுவனத்தின் தண்டவாள எழுத்து மேற்சொன்ன தரத்தினின்று வேறுபட்டதாயினும், கணினி பேசும் மொழியை விளக்க அதனினும் எளிய எடுத்துக்காட்டு இல்லை. கணினியின் சீரியல் போர்ட் வழியாக நொடிக்கு 2400 பிட் வேகத்தில் இரண்டே எண்களை அனுப்ப வேண்டும். 5, 24 என்று அனுப்பினால் 24-ஆம் எண் எஞ்சின் ஐந்தாம் வேகத்தில் ஓடும். 0, 24 என்றால் நிற்கும். 15 என்றால் திசை மாறும். 97 என்னும் தனியெண் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும்; 96 அதனை அடியோடு நிறுத்தும். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி பயின்ற மாணவர் எவரும் இதற்கொரு நிரல் எழுதலாம்.

ஆயின் இதுவரை சொன்னது பாதிக்கதையே. கணினி ஆணையிட்டது; வண்டி ஓடியதா? தண்டவாளத்தில் தூசி படிந்து வழியிலேயே நின்றிருக்கலாம். கணினியோ அது ஆண்டிபட்டிக்குப் போய்ச் சேர்ந்ததாக எண்ணிக்கொண்டு எதிர்வண்டியை அனுப்பிவிடும். ஆகவே பாதையில் ஆங்காங்கே உணரிகளைப் பதித்து, 'இத்துண்டில் வண்டி இருக்கிறது' என்னும் செய்தி கணினிக்குத் திரும்பி வருமாறு செய்கின்றனர். மெர்க்லின் முறையில் ஒரு செய்திப் பெட்டி பதினாறு இடங்களைக் கவனிக்கும். கணினி 193 என்று கேட்டால் முதற்பெட்டி இரண்டு பைட்டில் விடை தரும். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு: கேட்டால்தான் விடை வரும், கேளாத கணினிக்கு ஒன்றும் தெரியாது.

வள்ளுவப் பெருந்தகை தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தமை நமக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தூதன் வேந்தன் சொல்லைப் புறத்தே கொண்டு செல்பவன். ஒற்றன் புறத்துச் செய்தியை உள்ளே கொணர்பவன். இரண்டும் வெவ்வேறு தொழில். ஓர் ஒற்றன் சொன்னதை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. நல்ல மாதிரிப் பாதையில் ஒரு துண்டின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் தனித்தனி உணரி வைப்பதும் இதற்கே.

இன்னொன்றும் உண்டு. கணினி நடுவில் உறைந்து நின்றுவிட்டால் என்னாகும்? வண்டிகளும் நின்றுவிடும் என்று பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி, தான் கடைசியாகப் பெற்ற ஆணையையே திரும்பத் திரும்பத் தண்டவாளத்துக்கு ஓதிக்கொண்டிருக்கும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மெய்யான இருப்புப்பாதையில் கைகாட்டி அமைப்பு இதற்கு நேர்மாறானது: கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் சிவப்பே விழும்படி அதனை அமைத்துள்ளனர். நம் கருத்தில், மாதிரி இரயில் மாணவர்க்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது இதுவே. நிரலும் அவ்வாறே எழுதப்பட வேண்டும்: செய்தி வராத துண்டை 'வெற்றிடம்' என்று கொள்ளாது, 'வண்டி இருக்கிறது' என்றே கொள்ள வேண்டும். கையருகே மின்சாரத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் வடம் கடைகளில் கிடைக்கிறது. தண்டவாள மின்சாரம் கணினிக்குள் பாய்ந்துவிடாதபடி, ஒளியால் மட்டும் செய்தியைக் கடத்தும் ஒளியிணைப்பி இடையில் இருப்பது நன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்க இயலாதார், அர்டுயினோ பலகையில் டிசிசி-இஎக்ஸ் என்னும் இலவச நிரலை ஏற்றித் தாமே ஒன்று செய்துகொள்ளலாம். கணினியில் ஓட்டுவதற்கு ஜேஎம்ஆர்ஐ என்னும் மென்பொருளும் இலவசமே. அதனைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பெர்க்லியில் இயற்பியலாளராக இருந்த பாப் ஜேக்கப்சன். அவர் தொடுத்த வழக்கில், 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த மென்பொருள் உரிமத்தின் நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தால் காக்கப்படும் என்று தீர்ப்பளித்தது. விளையாட்டு இரயிலின் பொருட்டு எழுந்த வழக்கு, கணினி உலகத்துக்கே முன்மாதிரியாயிற்று!

தொடங்க விரும்புவோர் ஒரு வட்டப்பாதை, நிலையத்தில் விலகுவதற்கு ஓர் இரண்டாம் தடம், இரண்டு பாயிண்ட்கள், இரண்டு எஞ்சின்கள், நான்கு உணரிகள் ஆகியவற்றோடு தொடங்கலாம். பாயிண்டை நகர்த்தும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கொடுத்த ஆணையை அடுத்து, அதனை நிறுத்தும் ஆணையையும் உடனே அனுப்ப வேண்டும்; மறந்தால் சுருள் கருகிவிடும். ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்று எவ்வீட்டையும் தூசியின்றி விடுவதில்லை. ஆதலின் அம்மாதங்களில் வண்டியை ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஸ்பிரிட் தோய்த்த பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும்.