வீட்டினுள் மணி பிளாண்ட் வளர்த்தல்

வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் கமக்காரரின் இல்லங்களில், விறாந்தைக்கும் உள்ளறைக்கும் அழகூட்டும் செடிகளுள் மணி பிளாண்ட் முக்கியமானதொன்றாகும். இக்கொடி சேம்பு, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தென் பசுபிக் சமுத்திரத்திலுள்ள மூரியா தீவாகும். இதனை வளர்த்தல் மிக எளிது. ஆயினும், கவனியாது விடப்பட்ட ஒரு போத்தல் மணி பிளாண்ட் வீட்டாரின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இடமும் ஒளியும்

யன்னலுக்கு அண்மையில், நண்பகல் வெயில் நேரே படாத இடமே ஏற்றது. கடும் வெயிலில் இலைகள் கருகும். ஒளி மிகக் குறைந்தால் இலைகளிலுள்ள மஞ்சள் வரிகள் மங்கி, கொடி மெலிந்து நீளும்.

நடுகை

இக்கொடி பூப்பது மிக அரிது; எனவே தண்டுத் துண்டங்களைக் கொண்டே பெருக்கப்படுகின்றது. இரண்டு அல்லது மூன்று கணுக்களுள்ள துண்டத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஒரு கணுவாயினும் மண்ணுட் புதையுமாறு நடவேண்டும். மேன்மண் 2 பங்கு, கூட்டெரு 1 பங்கு, மணல் 1 பங்கு சேர்ந்த கலவை நன்று. சாடியின் அடியில் துவாரம் இருத்தல் அவசியம்.

நீர் ஊற்றல்

மேன்மண் ஓர் அங்குல ஆழத்துக்கு உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. நெற்பயிரைப் போல் இது தேங்கிய நீரை விரும்புவதன்று. ஈரம் மிகுந்த மண்ணில் வேர் அழுகி இலைகள் மஞ்சளாகும். வெள்ளைப் பஞ்சு போன்ற மாப்பூச்சிகள் காணப்படின் சவர்க்கார நீர் தோய்ந்த துணியாற் துடைத்தல் போதுமானது.

போத்தலும் நுளம்பும்

பலர் இக்கொடியை நீர் நிறைந்த போத்தலில் வளர்க்கின்றனர். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு இத்தகைய தெளிந்த நீரையே நாடுகின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் உட்சுவரில் ஒட்டவைக்கும். அவை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும். ஆகவே நீரை ஊற்றிவிடுதல் மட்டும் போதாது. வாரம் ஒரு முறையாவது உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வேர்களையும் அலசிப் புதுநீர் இடவேண்டும். சாடியின் கீழுள்ள தட்டுக்கும் இது பொருந்தும். வேர் விட்ட துண்டங்களை மண்ணுக்கு மாற்றிவிடுதலே சாலச் சிறந்தது.

குழந்தைகளும் கால்நடைகளும்

கருணைக்கிழங்கின் அரிப்பைக் கமக்காரர் அறிவர். அதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் இக்கொடியிலும் உள. இலையைக் கடித்த குழந்தையின் வாயும் நாவும் எரிந்து வீங்கும். உடனே வாயைக் கழுவுக. வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வீக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. ஆடு, மாடுகளுக்கும் இக்கொடியை இடலாகாது.

வெட்டிய துண்டங்கள்

வெட்டிய கொடிகளை வேலியோரத்திலோ வாய்க்காலிலோ வீசுதல் தவறு. கண்டி உடவத்த கலே சரணாலயத்தில் இக்கொடி நிலத்தையும் மரங்களையும் மூடிப் படர்ந்து, காட்டின் இயல்பான செடிகளை நெருக்கியுள்ளது. துண்டங்களை நன்கு உலர்த்தி முற்றாக வாடச் செய்த பின்னரே அகற்றுக.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து இவற்றைக் கவனிக்கும் இல்லத்தில், இக்கொடி நெடுங்காலம் தீங்கின்றிச் செழித்து வளரும்.